கடைவாய்ப் பல்

சட்பரியில் பெப்ரவரிக்கு வேறு வேலையில்லை.
நூலகத்தின் நிலவறையில்
வியாழன்தோறும் ஒரே கதையைப் போட்டார்கள்,
நான்கு வாரம், நான்கு படம்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்:
உறைந்த ஏரிக்குள் விழுந்த கணவன்
பனி உருகிய இரவில் வீட்டுக்கு வருகிறான்.
மனைவி தட்டு வைக்கிறாள்.
சாப்பிட உட்காருகிறான்.
அவ்வளவுதான். அந்தத் தட்டில்
என்ன இருந்தது என்று கதையில் இல்லை.

நான் பல் கட்டுகிறவள்.
டர்ஹம் தெருவில் ஒரு மாடி அறையில்
மெழுகும் சாந்தும் அக்ரிலிக்கும் என் பிழைப்பு.
பேய் வந்தால் மற்றவர்கள் கண்ணைப் பார்ப்பார்கள்,
நான் வாயை.

முதல் படம் பேசாது.
அவன் வாயே திறக்கவில்லை.
கரண்டி உதடுவரை போகிறது,
படச்சுருளில் ஒரு கீறல்,
அடுத்த காட்சியில் தட்டு காலி.
பின்வரிசையில் ஆர்வோ சிரித்தார்.
நிக்கல் சுரங்கத்தில் முப்பது வருடம் கழித்தவர்.
அவர் சிரித்தால் கீழ்ப் பல்செட் ‘டக்’ என்னும்.
அது நான் செய்தது.
தளர்ந்துவிட்டது, கூப்பிட்டுச் சரி பார்க்க வேண்டும்
என்று இருட்டிலேயே குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது, வண்ணப் படம்.
தக்காளிச் சிவப்பில் இரத்தம்,
கோரைப்பல் இரண்டும் உதட்டுக்கு வெளியே.
மேலும் கீழும் பொருந்தவே பொருந்தாது.
அந்த வாயால் ஒரு வாழைப்பழம்கூடக் கடிக்க முடியாது,
பாவம்.

மூன்றாவது கணினியில் செய்தது.
எண்ணினேன், அறுபதுக்கு மேல் விட்டுவிட்டேன்.
ஒன்றிலும் தேய்மானம் இல்லை.
எதையும் மென்றறியாத பல்லுக்கு
நான் ஏன் பயப்பட வேண்டும்?
அதோடு நிறையப் பேசியது:
சின்ன வயதில் அவனை யார் அடித்தார்கள்,
ஏரிக்கு யார்மேல் கோபம்.
படம் ஓட்டுகிற கஸ்தோன்
மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு விளக்கைப் போட்டார்.

நான்காவது வாரம் பனிப்புயல்.
பேருந்து பாதியில் நின்றது, மீதியை நடந்தேன்.
பத்து நாற்காலிக்கு நான் ஒருத்தி.
ஆர்வோ வரவில்லை.

காசில்லாமல் எடுத்த சின்னப் படம்.
ஈரச் சட்டையோடு ஒருவன், கடைத்தெருவில் பார்க்கிற முகம்.
தட்டில் என்ன என்று இதில்தான் காட்டுகிறார்கள்:
அவித்த உருளைக்கிழங்கு.
நன்றாயிருக்கிறது என்று சொல்ல வாய் திறந்தபோது
வலப்பக்கக் கடைவாய்ப் பல்லில்
ஒரு வெள்ளி அடைப்பு மின்னியது.

அரைக் கணம்.
நடிகனின் சொந்தப் பல்லாக இருக்கும்,
இயக்குநர் கவனித்திருக்கவே மாட்டார்.
எனக்குக் கை குளிர்ந்துவிட்டது.
யாரோ அதைக் குடைந்து, கழுவி, அடைத்திருக்கிறார்கள்.
இவன் அந்த நாற்காலியில் சாய்ந்து
கூரையைப் பார்த்தபடி, வலிக்குமோ என்று பயந்து,
வாயைத் திறந்து காத்திருந்திருக்கிறான்.
முடிந்ததும் நன்றி சொல்லியிருப்பான்.
என்னிடமும் சொல்லியிருப்பான்.

“எது மோசம்?” கஸ்தோன் கேட்டார், மின்கம்பியைச் சுருட்டியபடி.
மூன்றாவது என்றேன்.
“எது பயம்?”
பேருந்துக்கு நேரமாகிறது என்றேன்.
பேருந்து ஓடவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

வீட்டில் நன்மாறன் தூங்கியிருந்தான்.
போன மாதம் சொன்னான்:
“இரவில் பல்லைக் கடிக்கிறாய்,
யாரோ கல்லரைக்கிற மாதிரி.
எழுப்பினால் சிரிக்கிறாய்.
பிறகு திரும்பவும் அரைக்கிறாய்.”
அதற்காக என் வாய்க்கு நானே அச்சு எடுத்து,
சாந்து வார்த்து,
சமையலறை ஜன்னலில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில்
காய வைத்திருந்தேன்.
வெளியே பனி வழிக்கும் வண்டி.
அதன் மஞ்சள் விளக்கு சுழன்று வரும்போதெல்லாம்
பற்கள் தெரிந்தன, போயின, தெரிந்தன.

கடைவாயை விரலால் தடவினேன்.
மேடுகள் மழுங்கி, தட்டையாக.
எழுபது வயது வாய்களில் பார்த்திருக்கிறேன்.
எனக்கு முப்பத்தாறு.

இத்தனை இரவும் எதை மென்றேன்?

காலையில் ஆர்வோவைக் கூப்பிட வேண்டும்,
அந்தப் பல்செட்.